அக்கா மாற்றிய தண்ணீர்

எலிகள் இரண்டாம் முறையும் செத்துப்போன அன்று காலை, ஆய்வுக்கூடத்தின் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். வாங்கி வந்த நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், பிரிக்கப்படாமல் மடியில் இருந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவின் வடக்கே கடலோர ஊர் ஒன்றில் இருந்த பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்தேன். என் மேற்பார்வையாளர் அதிகம் பேசாத ஒரு சீனப் பெண்மணி. அவர் வந்து பக்கத்தில் நின்று, சாப்பிட்டுவிட்டு உள்ளே வா, அறுத்துப் பார்த்து உறுப்புகளை எடுத்து வைக்க வேண்டும் என்றார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

என் வேலையை அப்போது யாருக்கும் சுலபமாகச் சொல்ல முடிந்ததில்லை. இன்று நானோத் துகள் என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடப் புரிகிறது. அன்று எங்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் தனித்தனியாகத் தெரியாத அளவுக்குச் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் உருண்டைகளைத் தண்ணீரில் செய்வோம். அவை கோடிக்கணக்கில் மிதக்கும்போது தண்ணீர் பால் போல வெளுத்துவிடும். ரத்தத்தில் போகும் இப்படிப்பட்ட துகள்களைக் கல்லீரல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே கல்லீரல் நோய்க்கான மருந்தைத் துகள்மேல் ஏற்றி அனுப்பினால் நேராக அங்கே போய் இறங்கும் என்பது மேற்பார்வையாளரின் கனவு. மருந்து ஏற்றுவது பிறகு. வெறும் துகள் உடம்புக்குள் போனால் கெடுதல் செய்யாது என்று முதலில் காட்ட வேண்டும். அந்த முதல் வேலை என்னுடையது. அது நடக்கவில்லை.

முதல் தடவை எலிகள் ஊசி போட்ட கொஞ்ச நேரத்திலேயே செத்தன. காரணம் தெரிந்துதான் இருந்தது. துகள் செய்யும்போது சவர்க்காரம் போன்ற ஒரு ரசாயனத்தைச் சேர்ப்போம். இல்லையென்றால் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அந்தச் சவர்க்காரம் ரத்தத்தில் கலந்தால் ரத்த அணுக்களை உடைத்துவிடும். எனவே அடுத்த தடவை சில நாள் கழுவிவிட்டு ஊசி போட்டேன். எலிகள் சாயங்காலம் வரை ஓடியாடின. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் காலை வந்து பார்த்தால் ஒன்றும் அசையவில்லை. இன்னும் சவர்க்காரம் மிச்சம் இருக்கிறது, இரண்டு வாரமாவது கழுவ வேண்டும் என்று முடிவு செய்தோம்.

கழுவுவது என்றால் தேய்த்து அலசுவது அல்ல. மெல்லிய செலோபேன் குழாய் ஒன்று உண்டு. அதில் அந்தப் பாலை ஊற்றி இரு முனையையும் முடிச்சுப் போட்டு, உப்பே இல்லாத சுத்தமான நீரில் ஊறப் போட வேண்டும். செலோபேனின் துளை வழியாகச் சவர்க்காரம் வெளியே போகும், துகள் உள்ளேயே நிற்கும். காலையும் மாலையும் தண்ணீரை மாற்ற வேண்டும். நான் ஆரம்பித்த நேரம் தீபாவளி வந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் அந்தச் சுத்த நீரை வடித்துத் தரும் கருவியைப் பழுது பார்க்கக் கழற்றிவிட்டார்கள், கட்டடத்தையும் விடுமுறைக்குப் பூட்டப்போகிறார்கள். பண்டிகைக்குப் பிறகு புதிதாகத் தொடங்கு என்றார் மேற்பார்வையாளர். எலிக்கூடத்தில் என் முறை விடுமுறை முடிந்ததும் வருகிறது. அதை விட்டால் அடுத்த ஆண்டுதான். ஆகவே குழாய்களை ஒரு பிஸ்கட் ஜாடியில் போட்டு, வடிநீர் நிரப்பிய இரண்டு பெரிய பாட்டில்களோடு ஈப்போ பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் தைப்பிங்கில் ஏறிய ஓர் அம்மாள். ஜாடிக்குள் வெள்ளை வெளேரென்று நீளநீளமாகக் கிடந்தவற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார். கோலா கங்சார் பாலம் தாண்டியதும் பொறுக்க முடியாமல், ஐஸ் விற்கிறியா என்று கேட்டார். அந்தக் காலத்தில் வீடுகளில் பிளாஸ்டிக் பைக்குழாயில் தேங்காய்ப்பாலை ஊற்றி உறைய வைத்து விற்பார்கள். என் குழாய்கள் அச்சு அசலாக அதைப் போலவே இருந்தன. மருந்துக்காகச் செய்கிறேன் என்றேன். எந்த வியாதிக்கு என்றார். கல்லீரலுக்கு என்றதும், தன் வீட்டுக்காரருக்கு ஒன்று கிடைக்குமா என்று தணிந்த குரலில் கேட்டார். இன்னும் எலிக்கே ஒத்துவரவில்லை என்று சொல்லவேண்டியதாயிற்று. அவர் சிரித்துவிட்டு, நல்லபடியா வரும் என்று ஜாடியின் மூடியை ஒரு தட்டு தட்டினார்.

ஈப்போவில் புந்தோங் பகுதியில் இருந்த அக்கா வீடுதான் எனக்கு வீடு. அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். கல்யாணத்துக்கு முன் அம்மாவோடு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது குடும்பம் ஈப்போவுக்கு வந்தது, அவள் துணித் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அத்தான் தெருமுனையில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தார். நான் போய் இறங்கியபோது சமையலறை முழுக்கப் பலகாரச் சாமான். அச்சு முறுக்குக்கு வாங்கிய முட்டைகள் மட்டும் இரண்டு அட்டை. அந்த நெரிசலில் ஜாடிக்கு ஒரு மூலை பிடித்தேன். ஜாடியில் குழாய்கள் நெருக்கியடித்துக் கிடந்ததால், பாதியை எடுத்து ஒரு எவர்சில்வர் சட்டியில் போட்டேன்.

அக்காவிடம் ஒன்று மட்டும் சொன்னேன், காலையும் சாயங்காலமும் தண்ணீர் மாற்ற வேண்டும் என்று. எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை.

மறுநாள் அத்தான் என்னைப் பாசாருக்கு அழைத்துப்போனார். பூவும் வாழையிலையும் வாங்க நெடுநேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது அக்கா அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டே, தலையைத் திருப்பாமல் சொன்னாள்.

"சட்டித் தண்ணிய மாத்திட்டேன்லா. ஜாடிதான் கனமா இருக்கு, நீயே மாத்திக்க."

போய்ப் பார்த்தேன். சட்டியில் கிடந்த குழாய்களுக்குள் பால் இல்லை. வெள்ளைத் துணுக்குகள் பூப்பூவாக அடியில் கிடந்தன. மேலே தெளிந்த தண்ணீர் நின்றது. ஒரு குழாயைத் தூக்கி ஆட்டினேன். துணுக்குகள் சுழன்றுவிட்டு மறுபடி அடியில் போய் உட்கார்ந்தன.

அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது.

"கட்டிப்பால் ஆயிருச்சே," என்றாள். மரத்தில் பால் வடியக் கட்டும் மங்குக் கிண்ணத்தில் தங்கி உறைந்துபோன ரப்பர் பாலைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நான் பண்ணதா?"

பைப்புத் தண்ணிதானே ஊத்தினே என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். எனக்குக் கோபம் வரவில்லை. ஜாடியில் பாதி நல்லபடியாக இருக்கிறது, போதும் என்றேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு கெட்டிலில் தண்ணீர் வைத்தாள். எங்கள் வீட்டில் எது நடந்தாலும் முதலில் தேத்தண்ணி.

கப்பில் ஊற்றும்போது கெட்டில் வாயிலிருந்து ஒரு வெள்ளைச் செதில் விழுந்தது. அக்கா அதைக் கரண்டியால் எடுத்து எறிந்தாள். தினமும் பார்க்கிற செதில்தான். எங்கள் வட்டாரம் முழுக்கச் சுண்ணாம்பு மலை. தண்ணீரைக் காய்ச்சக் காய்ச்சக் கெட்டிலின் உள்ளே வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்பு என்றால் கால்சியம். சவர்க்காரத்தைக் கழுவி எடுத்துவிட்டேன், துகளைப் பிரித்து வைக்க இப்போது ஒன்றும் இல்லை. அதில் கால்சியம் புகுந்ததும் எல்லாம் ஒட்டிக்கொண்டன. அதுவரை எனக்கு உடனே புரிந்தது. பாதிக் கப் குடித்த பிறகுதான் மற்றது உறைத்தது. ரத்தத்திலும் கால்சியம் இருக்கிறது, உப்பும் இருக்கிறது.

அப்படியென்றால் இரண்டாம் தடவை எலிகளைக் கொன்றது மிச்சமிருந்த சவர்க்காரம் அல்ல. கழுவியதனால்தான் செத்திருக்கின்றன. துகள்கள் ரத்தத்தில் கட்டியாகி எங்கேயோ போய் அடைத்திருக்கின்றன. நான் இரண்டு வாரம் கழுவிக் கொண்டுபோய் ஊசி போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் செத்திருக்கும்.

இதை அக்காவிடம் சொல்ல முயன்றேன். சவர்க்காரம் இருந்தால் விஷம், இல்லாவிட்டால் கட்டி என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப மரத்துப் பால் எப்பிடி கட்டாம இருக்கு? வெட்டி எடுத்து ஸ்டோருக்குக் கொண்டு போற வரைக்கும் தண்ணியாத்தானே இருக்கும்."

பதில் எனக்குப் புத்தகத்திலேயே இருந்தது. பரீட்சையில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன். ரப்பர் பாலும் நுண்துகள்கள் மிதக்கிற தண்ணீர்தான். மரம் ஒவ்வொரு துகளுக்கும் ஒரு புரதச் சட்டை போட்டு அனுப்புகிறது. ஆசிட் ஊற்றினாலோ மங்கில் கிடந்து புளித்தாலோதான் அந்தச் சட்டையின் பலம் போய்ப் பால் கட்டும். எங்கள் பிளாஸ்டிக் உருண்டைக்கும் சவர்க்காரத்துக்குப் பதில் உடம்புக்கு ஒத்துப்போகிற ஒரு சட்டை போட வேண்டும். மேற்பார்வையாளரும் அதைப் பற்றிப் பேசியதுண்டு. மருந்து ஏற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருந்தோம்.

தீபாவளிக்கு முந்தின நாள் அக்கா வீட்டுச் சமையலறையில் வேறு வேலை தொடங்கியது. முதலில் ஜாடிக்குத் தண்ணீர் வேண்டும். கொண்டுவந்த வடிநீர் தீர்ந்துகொண்டிருந்தது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வடித்த நீர்தானே என்று அத்தானைக் கேட்டேன். எத்தனை பாட்டில் வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனவர், பட்டறையிலிருந்து ஒரு பெட்டியையே தூக்கி வந்து வைத்தார். பண்டிகை நாளில் யாருடைய பேட்டரியும் காயப்போவதில்லை என்றார்.

பிறகு சோதனை. ஒரு குழாயின் முடிச்சை அவிழ்த்து, பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரால் கொஞ்சம் பால் எடுத்தேன். வீட்டில் இருந்த ஒவ்வொன்றோடும் அதைக் கலந்து கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, குழாய்த் தண்ணீர் பிடித்த கிளாஸில் விடுவேன். தண்ணீர் மங்கலாகவே நின்றால் சட்டை நிற்கிறது. துணுக்கு விழுந்தால் இல்லை. சன்னல் ஓரமாகக் கிளாஸ்களை வரிசையாக வைத்தேன். அத்தான் பட்டறையில் ஒயர் சுற்றும் டேப்பைக் கிழித்து ஒவ்வொன்றிலும் ஒட்டி, எழுதியும் கொடுத்தார்.

அரிசிக் கஞ்சி முதலில் தோற்றது. நான் கரண்டியைக் கீழே வைப்பதற்குள் துணுக்கு விழுந்துவிட்டது. தபால் ஒட்டும் கோந்து பரவாயில்லை, சாயங்காலம் வரை தாக்குப்பிடித்துவிட்டுத்தான் அடியில் படிந்தது. கடல்பாசியான அகார் அகார் ஆறியதும் கிளாஸோடு கெட்டியாகிவிட்டது, அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. அக்கா பசும்பாலை ஊற்றிப் பார் என்றாள். பாலும் வெள்ளை, துகளும் வெள்ளை. எது நிற்கிறது எது விழுகிறது என்று மூன்று பேரும் கிளாஸை மாறிமாறித் தூக்கிப் பார்த்துவிட்டுக் கைவிட்டோம். அத்தான் என்ஜின் ஆயில் கொண்டுவரவா என்றார். அக்கா பார்த்த பார்வையில் பட்டறைக்கே போய்விட்டார்.

புரதம் வேண்டும் என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும். முட்டையைக் கேட்கத்தான் தயங்கிக்கொண்டிருந்தேன். அச்சு முறுக்கு மாவுக்கு அக்கா முட்டையை எண்ணி வாங்கியிருந்தாள், பாசாரும் மூடியாயிற்று. கடைசியில் கேட்டேன்.

"வெள்ளை மட்டும் போதுமா?" என்றாள்.

"வெள்ளைதான் வேணும்."

"அப்ப மஞ்சள நான் மாவுல போட்டுக்கிறேன். எடுத்துக்க."

வெள்ளைக்கருவைத் தண்ணீரில் கலந்து, துணியில் வடிகட்டி, அதோடு குழாயில் இருந்த துகள் பாலைச் சேர்த்தேன். குழாய்த் தண்ணீரில் விட்டபோது மெல்லிய மேகம் போலப் பரவியது. பரவியபடியே நின்றது. தீபாவளி விடியலில் எண்ணெய்க் குளியலுக்கு அக்கா எழுப்பியபோது முதலில் சன்னலுக்குத்தான் போனேன். அப்படியே நின்றது. அக்கா தலையில் எண்ணெயோடு வந்து, கிளாஸைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தாள். அவள் முகத்தில் இருந்த இறுக்கம் அப்போதுதான் போனது. தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்ற எண்ணம் அதுவரை அவளை விடவில்லை போலிருக்கிறது. கெடுக்கவில்லை அக்கா, நீ மாற்றாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது என்றேன். போடி என்று என் தலையில் ஒரு கை எண்ணெயை அப்பினாள்.

அன்று வீடு நிறைய விருந்தாளிகள். அத்தானின் வாடிக்கையாளர்கள், அக்காவோடு வேலை செய்யும் மலாய்ப் பெண்கள், பக்கத்து வரிசைச் சீனக் குடும்பம் எல்லோரும் வந்தார்கள். அக்கா என் கிளாஸ்களைச் சாப்பாட்டை மூடும் பெரிய தூடோங் சாஜியால் மூடிவைத்திருந்தாள். உள்ளே என்ன பலகாரம் என்று திறக்கப் போனவர்களிடம், என் தங்கச்சி மருந்து செய்யிறா, அத மட்டும் தொடாதீங்க என்று எல்லா மொழியிலும் சொன்னாள். மஞ்சள் கரு அதிகமான அச்சு முறுக்கு அந்த வருஷம் கொஞ்சம் அதிகமாகவே சிவந்திருந்தது. ஒன்றும் மிஞ்சவில்லை.

திரும்பிப் போய் மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எந்தத் தண்ணீர் என்று கேட்டார். ஈப்போ குழாய்த் தண்ணீர் என்றேன். எந்த ஆய்வுக்கூடத்தில் என்றார். அக்காவின் சமையலறையில் என்றேன். அவர் எழுந்து போய், இரண்டாம் தடவை செத்த எலிகளின் உறுப்புகள் இருந்த பாட்டில்களை எடுத்து வந்தார். கல்லீரலைத்தான் நாங்கள் முன்பு பார்த்திருந்தோம். துகள் அங்கேதானே போக வேண்டும். இப்போது நுரையீரலை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியின் கீழ் வைத்தோம். நூல் போன்ற ரத்தக்குழாய்களில் அங்கங்கே கட்டிகள் அடைத்துக் கிடந்தன. தனித்தனியாக இருந்திருந்தால் அந்த நுண்ணோக்கியில் தெரிந்திருக்கவே தெரியாது. அவர் கண்ணை எடுக்காமல், நாம் முன்பே பார்த்திருக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். 'நீ' என்று சொல்லாமல் 'நாம்' என்றது எனக்குப் பிடித்திருந்தது.

முட்டை வெள்ளையை அப்படியே எடுத்துக்கொள்ள அவர் விடவில்லை. முட்டைப் புரதம் உடம்புக்கு அந்நியம், முதல் ஊசி ஒத்துக்கொண்டாலும் இரண்டாவது ஊசிக்கு உடம்பு சண்டைக்கு வந்துவிடலாம் என்றார். ரத்தத்திலேயே மிதக்கிற புரதத்தைச் சட்டையாகப் போடு என்றார். எலிக்கு எலியின் புரதமே. குழாய்த் தண்ணீருக்குப் பதில் கால்சியமும் உப்பும் அளந்து போட்ட நீரில் சோதித்தேன். நின்றது. பேட்டரி நீரில் கழுவிக் கொண்டுவந்த மிச்சத் துகள்களுக்கும் அந்தச் சட்டையைப் போட்டு, என் முறை வந்த அன்று காலை ஊசி போட்டேன்.

அன்று மத்தியானம் நான் சாப்பிடப் போகவில்லை. சாயங்காலம் எலிகள் ஓடின. மறுநாள் காலை கதவைத் திறக்குமுன்னே உள்ளே கரகரவென்று கொறிக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் அந்த ஆய்வுக்கூடத்தில் அதற்கு முன் கேட்டதில்லை. வாரம் முடிந்தது. ஊசி போட்டவையும் போடாதவையும் ஒரே மாதிரி தின்று கொழுத்தன.

அதற்குப் பிறகு ஒரு நாள் மேற்பார்வையாளர் என்னைக் கூண்டுக்கு அழைத்தார். பெண் எலிகள் மட்டும் இருக்க வேண்டிய கூண்டில், வைக்கோலுக்குள் இளஞ்சிவப்பாக நெளிந்துகொண்டிருந்தன குட்டிகள். எலிகளைப் பிரித்துக் கொடுத்த எலிக்கூடத்து ஊழியர் ஓர் ஆணைப் பெண் என்று நினைத்துப் போட்டுவிட்டார். சோதனையின் ஒழுங்கு போய்விட்டது. மேற்பார்வையாளர் கடிந்துகொள்ளப் போகிறார் என்று நின்றேன். வாயைத் திறந்தவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தாய் எலி ஊசி போட்ட ஒன்று. குட்டிகள் எப்படி வளர்கின்றன என்று பார்த்து அதையும் எழுது என்றார்.

பட்டறைக்குத் தொலைபேசினேன். அத்தான் அக்காவைக் கூப்பிட ஆளனுப்பினார். மூச்சு வாங்க வந்து எடுத்தாள்.

"எலி என்னா ஆச்சு?"

"நல்லா இருக்கு. ஒன்னு குட்டி போட்டிருக்கு, அக்கா."

"ஊசி போட்டதா?"

"ஊசி போட்டதுதான்."

அவள் ரிசீவரை இறக்கிப் பிடித்தது பட்டறைச் சத்தம் கூடியதில் தெரிந்தது. பிறகு அவள் குரல் அத்தானிடம், "ஏங்க, நம்ம எலி குட்டி போட்டுருச்சாம்" என்றது. யாரோ மோட்டார் சைக்கிளை நன்றாக முறுக்கினார்கள்.

அந்தத் துகள்மேல் மருந்து ஏற்றும் வேலையை எனக்குப் பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அது நீண்ட வேலை. சட்டை எவ்வளவு நாள் கழலாமல் இருக்கும், பிளாஸ்டிக் உடம்பிலேயே தங்கிவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகக் கேள்வி கிளம்பியது. என் பங்கு எனக்குப் போதுமானதாக இருந்தது. அந்த மாதம் முழுக்கக் காலையில் எழுந்ததும் ஆய்வுக்கூடத்துக்குப் போய், கண் திறக்காத குட்டிகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தராசில் வைத்தேன். தட்டில் நிற்காமல் நழுவும். சிரித்துக்கொண்டே மறுபடி எடுத்து வைப்பேன். நாளுக்கு நாள் முள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது.